"நீங்க ஒரு பக்கமா சாயுறீங்க!" – அமெரிக்க வானொலியும் நேயர் புகாரும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "அண்ணே, மலருக்கு ஒரு கட்டுரை வேணும். ஆனா ஹாஸ்டல் மெஸ், சாம்பார், வார்டன் கதையெல்லாம் வேண்டாம். அதுக்கு ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டாங்க. நீங்க வரலாறு படிச்சவர்தானே, வரலாறா எழுதுங்க" என்றார் செயலாளர். ஒப்புக்கொண்டேன். ஆனாலும் ஹாஸ்டலைத் தொடாமல் ஆரம்பிக்க முடியவில்லை. ஒரே ஒரு பத்தி, மன்னிக்கவும்.

பொது அறையில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது நம் காலத்தவர்களுக்கு நினைவிருக்கும். காலை 7.15க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயண்சுவாமி அவர்களின் குரல் கேட்டால் மணி பார்க்க வேண்டியதில்லை. செய்தி முடிந்ததும் சண்டை ஆரம்பமாகும். "எங்க தலைவர் பேச்சை கடைசியில ஒரு வரி சொல்லிட்டு விட்டுட்டாங்க பாத்தியா?" "அது கவர்மென்ட் ரேடியோடா, வேற எப்படிச் சொல்லும்?" இப்படி. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது என்று யாருக்கும் தெரியாது. 'நேயர் கடிதம்' நிகழ்ச்சியில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை, நாடகம் நன்றாக இருந்தது என்ற கடிதங்களைப் படிப்பார்களே தவிர, செய்தி ஒரு கட்சிப் பக்கம் சாய்கிறது என்ற கடிதத்தைப் படித்து நான் கேட்டதில்லை. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்த பிறகு அந்தச் சண்டையும் ஓய்ந்துபோனது. அரசு நிகழ்ச்சிகளுக்கு ஒத்துழைக்கவில்லை என்று கிஷோர் குமார் பாட்டையே வானொலியில் நிறுத்திவைத்த காலம் அது. செய்தியைப் பற்றி யார் வாய் திறப்பது?

ஆகவே, 'வானொலி ஒரு பக்கம் சாய்கிறது' என்று ஒரு சாதாரண நேயர் எழுதும் புகாருக்குச் சட்டத்தின் பலம் எங்கேயாவது இருந்திருக்கிறதா என்ற கேள்வி ரொம்ப நாளாக எனக்குள் இருந்தது. இருந்திருக்கிறது. அமெரிக்காவில், 1949 முதல் 1987 வரை, 38 ஆண்டுகள். அதன் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கதாநாயகன், வில்லன் என்று பிரித்துக்கொண்டு படிக்க வேண்டாம். இரண்டு வேஷமும் அடிக்கடி மாறும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பத்திரிகை ஆரம்பிக்கக் காகிதமும் மையும் காசும் இருந்தால் போதும். வானொலிக்கு அலைவரிசை வேண்டும். ஒரே ஊரில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் பேசினால் இரண்டு பேர் பேச்சும் யாருக்கும் விளங்காது. 1920களின் மத்தியில் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. ஆளாளுக்கு நிலையம் திறந்து, ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசி, காதில் விழுந்ததெல்லாம் இரைச்சல்தான். அதனால் 1927இல் வானொலிச் சட்டம் வந்தது. அலைவரிசை பொதுச்சொத்து, 'பொதுநலம்' கருதி அரசு உரிமம் தரும், உரிமம் பெற்றவர் கொஞ்ச காலத்துக்குக் காவல்காரர் மாதிரி. தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் எதிர் வேட்பாளருக்கும் அதே அளவு வாய்ப்புத் தர வேண்டும் என்ற விதியும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. 1934இல் புதிய சட்டமும், மத்திய தகவல் தொடர்பு ஆணையமும் வந்தன. ஆங்கிலச் சுருக்கம் எப்.சி.சி. இந்தக் கட்டுரை முழுக்க அந்த எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும்.

சட்டம் இருந்தும் 1930களில் நிலைமை எப்படி என்பதற்குக் காலின் பாதிரியார் கதையைச் சொன்னால் போதும். டெட்ராய்ட் பக்கம் ராயல் ஓக் என்ற ஊரில் கத்தோலிக்கப் பாதிரியாரான சார்லஸ் காலின், 1926இல் உள்ளூர் நிலையத்தில் ஞாயிறு பிரசங்கமாகத் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக பிரசங்கம் அரசியலாகி, அரசியல் யூத வெறுப்பாக மாறியது. லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் அடித்து நொறுக்கப்பட்டன அல்லவா? அதற்குப் பத்து நாள் கழித்து, நவம்பர் 20ஆம் தேதி உரையில், அதற்கு நியாயம் கற்பிக்கிற மாதிரி பேசினார் அவர். நியூயார்க்கில் அதை ஒலிபரப்பிய நிலையம் டபிள்யூ.எம்.சி.ஏ. உரை முடிந்தவுடனேயே அந்த நிலையத்தின் அறிவிப்பாளர், பாதிரியார் சொன்னவற்றில் உண்மைக்கு மாறான தகவல்கள் உண்டு என்று நேயர்களிடம் சொன்னார். அடுத்த வாரம் உரையை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள் என்றது நிலையம். ஒத்துவரவில்லை, ஒலிபரப்பை நிறுத்தியது. அவ்வளவுதான், பாதிரியாரின் ஆட்கள் நிலையத்தின் வாசலில் மாதக்கணக்கில் கோஷம் போட்டு மறியல் செய்தார்கள். பேசவிட்டபோது ஒரு கூட்டம் புகார் சொன்னது. நிறுத்தியபோது இன்னொரு கூட்டம் புகார் சொன்னது. வானொலிக்காரனின் தலையெழுத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்த அனுபவத்தால் எப்.சி.சி. முதலில் ஒரு கோடிக்குப் போனது. போஸ்டனில் டபிள்யூ.ஏ.ஏ.பி. என்ற நிலையம் தன் சொந்தக் கருத்தைத் தலையங்கம் போல ஒலிபரப்பி வந்தது. அந்த வழக்கில் 1941 ஜனவரியில் ஆணையம் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: வானொலி எந்தக் கட்சிக்கும் கருத்துக்கும் வக்கீலாக இருக்கக் கூடாது. எட்டு ஆண்டுகள் இப்படி ஓடிற்று. 1949 ஜூனில் ஆணையமே மனம் மாறி, நிலையங்கள் கருத்துச் சொல்லலாம், ஆனால் இரண்டு கடமைகள் உண்டு என்றது. ஒன்று, ஊருக்கு முக்கியமான, சர்ச்சைக்குரிய பிரச்சினைகளைப் பேச நியாயமான நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு, அப்படிப் பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் வாய்ப்புத் தர வேண்டும். இதற்குத்தான் 'ஃபேர்னஸ் டாக்ட்ரின்' என்று பெயர். நாம் 'நடுநிலை விதி' என்று வைத்துக்கொள்வோம்.

புகார் செய்யும் முறையும் சிக்கலில்லாததுதான். நேயர் முதலில் நிலையத்துக்கு எழுத வேண்டும்: இன்ன தேதி, இன்ன நிகழ்ச்சி, இன்ன பிரச்சினை, மறுபக்கம் வேறு எந்த நிகழ்ச்சியிலும் வரவில்லை என்று. பதில் திருப்தி இல்லையென்றால் எப்.சி.சி.க்கு எழுதலாம். 'உங்க ஆளு பேசினது எனக்குப் பிடிக்கலை' என்ற ரகக் கடிதங்கள் அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்றவைதான் அதிகம். ஆனால் உரிமம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டியது. புதுப்பிக்கும் நாளில் அந்தக் கோப்பில் எத்தனை புகார் இருக்கிறது என்ற பயம் நிலைய முதலாளிகளுக்கு எப்போதும் உண்டு. வாத்தியார் கையில் இருக்கும் பிரம்பு மாதிரிதான். அடிப்பது அபூர்வம், ஆனால் கையில் இருக்கிறது என்று பையன்களுக்குத் தெரியும்.

ஒரு கடிதம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். ஜான் பான்சாஃப் என்ற இளம் வழக்கறிஞர் 1966 கடைசியில் நியூயார்க் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்கு எழுதினார்: சிகரெட் விளம்பரமும் சர்ச்சைக்குரிய விஷயத்தில் ஒரு பக்கக் கருத்துதான், மறுபக்கத்துக்கு நேரம் கொடுங்கள் என்று. 1967இல் எப்.சி.சி. அதை ஏற்றுக்கொண்டது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் புகைப்பழக்கத்துக்கு எதிரான அறிவிப்புகள் இலவசமாக வர ஆரம்பித்தன. 1971 ஜனவரியில் சிகரெட் விளம்பரமே ஒலி, ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், விளம்பரம் போனதும் 'மறுபக்கம்' கொடுக்க வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. எதிர்ப்பு அறிவிப்புகளும் குறைந்துவிட்டன!

இனி, இந்த விதியின் பெயரைச் சொன்னாலே சட்ட மாணவர்களுக்கு நினைவுக்கு வரும் வழக்கு. பென்சில்வேனியாவில் ரெட் லயன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு சின்ன நிலையம், டபிள்யூ.ஜி.சி.பி. ஓக்லஹாமாவின் டல்ஸா நகரத்துப் பிரசங்கி பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ், நாடு முழுக்கப் பல நிலையங்களில் காசு கொடுத்து நேரம் வாங்கிப் பேசி வந்தார். கம்யூனிச எதிர்ப்பு அவருக்குத் தொழில். 1964 தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். அவரைத் தாக்கி ஃப்ரெட் குக் என்ற பத்திரிகையாளர் ஒரு புத்தகம் எழுதினார். தேர்தலில் கோல்ட்வாட்டர் தோற்றும் போனார். நவம்பர் 27ஆம் தேதி ஒலிபரப்பில் ஹார்கிஸ், குக் பொய்க் குற்றச்சாட்டு சொல்லி வேலை பறிபோனவர், கம்யூனிஸ்ட்களுக்கு வேண்டியவர் என்கிற ரீதியில் பேசினார்.

குக் நிலையங்களுக்கு எழுதினார்: என்னைத் தாக்கினீர்கள், பதில் சொல்ல நேரம் கொடுங்கள். சில நிலையங்கள் கொடுத்தன. ரெட் லயன் நிலையம் பதிலாக அனுப்பியது கட்டண அட்டையை! 15 நிமிடத்துக்கு ஏழரை டாலர். காசு கட்டினால் பேசலாம். கட்ட வசதியில்லை என்று சொன்னால் இலவசமாகத் தருவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். குக் மறுத்துவிட்டார். ஏழரை டாலர் அவரிடம் இல்லாமலா? தாக்கப்பட்டவன் தன் மானத்தைக் காப்பாற்றக் காசு கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி. எப்.சி.சி., அவர் ஏழை என்று நிரூபிக்கத் தேவையில்லை, பதில் நேரம் கொடு என்றது. நிலையம் நீதிமன்றம் போனது.

ஏழரை டாலர் விவகாரம் 1969 ஜூனில் உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கே அமர்ந்த நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். எழுதியவர் நீதிபதி பைரன் வைட். பேச்சுரிமை என்று நிலையத்தார் வாதாடினார்கள். அதற்குப் பதிலாக, ஒலிபரப்பில் முதல் இடம் கேட்பவர்களின் உரிமைக்குத்தான், ஒலிபரப்புகிறவர்களின் உரிமை அதற்கு அடுத்துத்தான் என்ற கருத்தைத் தீர்ப்பு நிலைநாட்டியது. நேயர் என்ற பிறவிக்கு அவ்வளவு உயர்ந்த இடத்தை வேறெந்த நீதிமன்றமும் அதுவரை கொடுத்ததாக நான் படித்ததில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் 1976இல் ஃப்ரெட் ஃப்ரெண்ட்லி என்ற ஒலிபரப்பு உலகப் பெரியவர் ஒரு புத்தகம் எழுதி, இந்த வழக்கின் பின்புறத்தைத் திறந்து காட்டினார். குக்கின் கோல்ட்வாட்டர் புத்தகத்துக்குப் பின்னால் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு இருந்தது. வலதுசாரி வானொலிப் பேச்சாளர்களை ஊர் ஊராக ஒட்டுக்கேட்டு, 'பதில் நேரம் கொடு' என்று நிலையங்களுக்குக் கடிதம் அனுப்புவது கட்சி திட்டமிட்டுச் செய்த வேலை. இந்தத் தொல்லை தாங்காமல் சின்ன நிலையங்கள் அந்தப் பேச்சாளர்களையே நிறுத்திவிடும் என்பது கணக்கு. அதாவது, நேயர் புகார் என்ற பெயரில் வந்தவற்றில் கொஞ்சம் ஆளுங்கட்சி அலுவலகத்தில் தயாரானவை. நம்ம ஊரில் ஒரே கையெழுத்தில் நூறு மனு வருமே, அந்த மாதிரி. குக்குக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அவர் கையில் இருந்த ஆயுதம் யார் வார்த்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் அதே காலத்தில் நடந்தது. இது வானொலி இல்லை, தொலைக்காட்சி. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் தீர்ப்பு இரண்டுக்கும் பொருந்தியது. மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில் டபிள்யூ.எல்.பி.டி. என்ற நிலையம். அந்த நகரத்தில் பத்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர்; ஆனால் திரையில் அவர்கள் கிடையாது. 1955இல் கறுப்பினத் தலைவரும் வழக்கறிஞருமான தர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சியில் தோன்றியபோது, 'கேபிள் கோளாறு, வருந்துகிறோம்' என்று அட்டை போட்டு மறைத்துவிட்டார்கள். பின்னாளில் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, ரெட் லயன் தீர்ப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரானார் என்பது காலத்தின் குறும்பு. மெட்கர் எவர்ஸ் என்ற உள்ளூர்ப் போராளி நடுநிலை விதியைச் சுட்டிக்காட்டி விடாமல் எழுதியெழுதி, 1963 மே 20ஆம் தேதி 17 நிமிடம் பதில் நேரம் பெற்றார். ஜூன் 12ஆம் தேதி தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்குப் பின் ஒரு கிறிஸ்தவத் திருச்சபையைச் சேர்ந்த எவரெட் பார்க்கர் என்ற போதகர், உள்ளூர் மக்களை வைத்து அந்த நிலையத்தின் ஒளிபரப்பை நாள்கணக்கில் கவனித்துக் குறிப்பெடுக்கச் செய்து, உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனுப் போட்டார். எப்.சி.சி. என்ன சொன்னது தெரியுமா? உங்களுக்கு வழக்குப் போட உரிமையே இல்லை என்றது. அதுவரை நடைமுறையில், போட்டி நிலையம் வந்து வருமானம் போகிறது என்பவரோ, அலைவரிசை இடிக்கிறது என்பவரோதான் உரிமத்தை எதிர்க்க முடியும். பார்க்கிற, கேட்கிற ஜனங்களுக்கு அதில் இடம் கிடையாது. 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பு இதை மாற்றியது. நேயர்களும் கட்சிக்காரர்கள்தான், அவர்கள் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்றது. 1969இல் இரண்டாவது தீர்ப்பில் நிலையத்தின் உரிமமே ரத்தானது. ரெட் லயனைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த வழக்குத்தான். புகார் மனுவில் கட்சி ஆபீஸ் வாசனை இல்லை; நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிய ஜனங்களின் உழைப்பு இருந்தது.

இப்போது தொலைபேசி நிகழ்ச்சிக்கு வருவோம். இன்றைய மாணவர்களுக்கு எப்.எம்.மில் போன் போட்டுப் பேசுவது சர்வ சாதாரணம். அமெரிக்காவில் 1960களிலேயே அது சூடு பிடித்துவிட்டது. பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊர்; பெயரே மீடியா! அங்கே டபிள்யூ.எக்ஸ்.யூ.ஆர். என்ற நிலையத்தை 1965இல், கார்ல் மக்கின்டைர் என்ற தீவிர வலதுசாரிப் போதகர் தலைமை வகித்த இறையியல் கல்லூரி வாங்கியது. வாங்கும்போதே உள்ளூர்த் திருச்சபைகள், யூத அமைப்புகள், தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. 'எல்லாத் தரப்புக்கும் இடம் தருவோம்' என்று வாக்குறுதி கொடுத்துத்தான் உரிமம் கைமாறியது.

வந்த சில மாதங்களிலேயே போன் நிகழ்ச்சி ஒன்றில் யூதர்களை இழிவாகப் பேசும் நேயர்கள் வரிசையாக வந்தார்கள். நடத்துநர் அவர்களைத் தடுக்கவில்லை; எடுத்துக் கொடுத்துப் பேசவைத்தார் என்பது குற்றச்சாட்டு. இந்தத் தொழிலின் நெளிவு சுளிவு இங்கேதான் இருக்கிறது. 'நான் எதுவும் சொல்லலையே, போன் பண்ணினவர்தானே சொன்னார்' என்று நடத்துநர் கை கழுவலாம். ஆனால் யார் போனை எடுப்பது, யாரைக் காத்திருக்க வைப்பது, யாரிடம் 'மேல சொல்லுங்க' என்பது, யாரிடம் 'நன்றி வணக்கம்' என்பது எல்லாம் அவர் கையில்தானே? புகார் குவிந்தது. பென்சில்வேனியா சட்டமன்றத்தின் கீழவை விசாரணை கேட்டுத் தீர்மானமே போட்டது. அந்த நடத்துநர் மாற்றப்பட்டார். மாற்றுக் கருத்தாளர்களை அழைக்கிறோம் என்று நிலையமும் சில ஏற்பாடுகளைக் காட்டியது. விசாரணை அதிகாரி நிலையத்துக்குச் சாதகமாகவே எழுதினார். ஆனால் 1970இல் எப்.சி.சி. அதைத் தள்ளி, உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலையம் தன் ஒலிபரப்பைத் தானே கண்காணிக்கவில்லை, தாக்கப்பட்டவர்களுக்குத் தகவல் கொடுக்கவில்லை, உரிமம் வாங்கும்போது ஆணையத்திடம் உண்மை சொல்லவில்லை என்பவை காரணங்கள்.

1972இல் மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிலையம் தோற்றது. மாறுபட்ட அந்த ஒரு நீதிபதி டேவிட் பேஸலன். அவர் வலதுசாரி இல்லை; தாராளவாதி என்று பெயர் எடுத்தவர். தனக்குப் பிடிக்காத கருத்துக்காரனின் வாயை அடைக்க ஒரு விதி பயன்படுகிறதே என்று அவர் கவலைப்பட்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1973 ஜூலையில் நிலையம் மூடப்பட்டது. மக்கின்டைர் சும்மா இருந்தாரா? பழைய கண்ணிவாரிக் கப்பல் ஒன்றைப் பிடித்து, நியூ ஜெர்சியின் கேப் மே கடற்கரைக்கு அப்பால் நிறுத்தி, 'ரேடியோ ஃப்ரீ அமெரிக்கா' என்று அந்த செப்டம்பரில் கடலிலிருந்து ஒலிபரப்பினார். சில மணி நேரம்தான் தாக்குப் பிடித்தது. நீதிமன்றத் தடை வந்துவிட்டது. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள்.

இத்தனைக்கும் பத்திரிகைகளுக்கு இந்த விதி எதுவும் கிடையாது. 1974இல் மயாமி பத்திரிகை ஒன்றின் வழக்கில், பதில் கட்டுரையைப் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அதே உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. காகிதத்துக்கு ஒரு நியாயம், காற்றுக்கு ஒரு நியாயம்.

நடுநிலை விதியின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருந்தது என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது கடமையை மீறினால் புகார் வரும். முதல் கடமையை, அதாவது சர்ச்சைக்குரிய விஷயத்தைப் பேச வேண்டும் என்பதை மீறினால் யார் புகார் எழுதுவார்? பேசாத பேச்சு யார் காதில் விழும்? அதனால் எச்சரிக்கையான முதலாளிகள் அரசியலையே விட்டுவிட்டு, பாட்டுப் போட்டு, வானிலை சொல்லி, கோழிப்பண்ணை விலை சொல்லிக் காலம் தள்ளினார்கள். 1980களில் எப்.சி.சி.யே இதைக் காரணம் காட்டியது. நிலையங்கள் பெருகிவிட்டன, பற்றாக்குறை என்ற பழைய வாதம் செல்லாது என்றும் சொன்னது. விதியைச் சட்டமாக்க நாடாளுமன்றம் ஒரு மசோதா நிறைவேற்றியது. 1987 ஜூனில் ஜனாதிபதி ரீகன் அதை ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார். (இளம் வயதில் ரீகனே அயோவா வானொலியில் விளையாட்டு வர்ணனையாளர் வேலை பார்த்தவர்!) ஆகஸ்ட் 4ஆம் தேதி ஆணையம் விதியைக் கைவிட்டது. தனிநபர் தாக்குதலுக்குப் பதில் நேரம் என்ற துணை விதி 2000 வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

சரியாக ஓராண்டில், 1988 ஆகஸ்ட்டில், ரஷ் லிம்பா நாடு தழுவிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் உள்ளூர் நிகழ்ச்சி நடத்திப் பெயர் வாங்கியவர். தினமும் மூன்று மணி நேரம், ஒரே பக்கம், ஒளிவு மறைவு இல்லை. 'மறுபக்கம் எங்கே?' என்று கேட்டால், மற்ற ஊடகமெல்லாம் மறுபக்கம்தான், அதைச் சமன் செய்ய வந்தவனே நான்தான் என்கிற தோரணையில் பதில் சொல்வார். புகார் கடிதத்தை வாங்கி நிகழ்ச்சிக்கே தீனியாக்கிவிடும் வித்தை அது. அவரைத் திட்டிப் போன் செய்பவரை வரிசையில் முந்தவிட்டு, பேசவிட்டு, அதிலேயே சுவாரஸ்யம் கூட்டுவார். 2021 பிப்ரவரியில் அவர் இறக்கும்வரை அந்தக் கடை நடந்தது. விதி போனதால்தான் அவர் வந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. பாட்டெல்லாம் துல்லியமான எப்.எம்.முக்குப் போய்விட, மத்திய அலை நிலையங்கள் பேச்சை வைத்துப் பிழைக்க வேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொண்டது.

வேறு வழியில் சமாளித்தவர்களும் உண்டு. சி-ஸ்பான் என்ற நாடாளுமன்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் காலை நிகழ்ச்சி அவர்களது வானொலியிலும் வரும். அதில் குடியரசுக் கட்சிக்காரருக்கு ஒரு தொலைபேசி எண், ஜனநாயகக் கட்சிக்காரருக்கு ஒரு எண், சார்பில்லாதவருக்கு ஒரு எண். நடத்துபவர் மாற்றி மாற்றி எடுப்பார், தன் கருத்துச் சொல்ல மாட்டார், முகபாவம்கூட மாறாது. அப்படியும் 'அந்தப் பக்கத்து ஆளை ரெண்டு நிமிஷம் கூடப் பேச விட்டீங்க' என்று புகார் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் புகாரையும் ஒலிபரப்பிலேயே கேட்டுக்கொள்கிறார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1992இல் ஆயுள் காப்பீட்டுக் கழக வழக்கில், கழகம் தன் பத்திரிகையில் ஒருவரின் கருத்துக்கு மறுப்பு வெளியிட்டுவிட்டு, அதற்கு அவர் எழுதிய பதிலைப் போட மறுத்தது தவறு என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு சம்பந்தமாக வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகமாக இருக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்புக்குள் நுழைந்து பார்த்தால் ரெட் லயன் வழக்கு பேசப்படுகிறது. பென்சில்வேனியா சிற்றூரின் ஏழரை டாலர் தகராறு, கல்கத்தா கிரிக்கெட் மைதானம் வழியாக நம் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

அதற்குப் பின் தனியார் எப்.எம். வந்தது, சமுதாய வானொலி வந்தது, 2004இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒன்று தொடங்கியது. ஆனால் தனியார் எப்.எம்.முக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். ஆகவே நம் தம்பி தங்கைகள் இரவெல்லாம் கேட்கும் தொகுப்பாளர்களிடம் 'நீங்க அந்தக் கட்சிப் பக்கம்' என்று புகார் சொல்ல வாய்ப்பே குறைவு. அவர்கள் காதலைப் பற்றியும் டிராபிக்கைப் பற்றியும்தான் பேசுவார்கள்.

மிச்சமிருப்பது அரசு வானொலி. அதற்கு 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறி, 1997இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்து நியாயமாகவும் சமநிலையோடும் தகவல் தர வேண்டும், தனக்கென்று எந்தக் கொள்கைக்கும் வக்காலத்து வாங்கக் கூடாது என்ற பொருளில் தெளிவாக இருக்கிறது. 1941 போஸ்டன் தீர்ப்பும் 1949 விதியும் ஒரே வாக்கியத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி. 14ஆம், 15ஆம் பிரிவுகளில் நேயர் புகார்களை வாங்கி விசாரிக்க ஒரு 'ஒலிபரப்பு மன்றம்' வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. இவ்வளவு காலம் வானொலி கேட்ட நம்மில் எத்தனை பேர் அந்தப் பிரிவுகளைப் பார்த்திருக்கிறோம்? சட்ட நகல் என்னிடம் இருக்கிறது, பக்கமும் அதிகமில்லை. விழா நாளன்று கொண்டு வருகிறேன். வேண்டுகிறவர்கள், முக்கியமாக இப்போது படிக்கும் மாணவர்கள், கேட்டால் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்.